லயத்துப் பின்புறத்தில் ஒரு கரட் பாத்தி

கொழும்பிலோ வவுனியாவிலோ சந்தைக்குப் போனால் "நுவரெலியா கரட்" என்று கூவி விற்பதைக் கேட்கலாம். அதைக் கேட்பவர்கள், மலையகத்தில் வீட்டுக்கு வீடு கரட் குவிந்து கிடக்கும் என்று நினைப்பதுண்டு. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனைப் பகுதித் தோட்டங்களில் சமூகப் பணி செய்யும் நான் கண்ட நிலைமை வேறு. கரட் லொறியில் ஏறி மலையிறங்கிப் போய்விடுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் அடுப்பங்கரையில் அது காசு கொடுத்து வாங்கும் பொருள். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் அதுவும் இல்லை. ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும்தான்.

லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் உள்ள வீடுகளிலும் கோவா, லீக்ஸ், போஞ்சிதான் கூடுதலாகக் காணப்படும். கரட் ஏன் இல்லை என்று கேட்டால், "அது எங்களுக்குச் சரிவராது பிள்ளை. பாதி முளைக்காது. முளைச்சதும் கை கால் முளைச்ச மாதிரி கோணிக்கிட்டு வரும்" என்று அக்காமார் சொல்வார்கள். இது இவர்களின் கைராசியில் உள்ள குறை அல்ல. கரட் விதைக்கும் முறை கோவா, லீக்ஸ் நடும் முறைக்கு நேர்மாறானது. அதை யாரும் இவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் இருந்து இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளுக்கும் இது தூரத்துக் கதை அல்ல. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தின்போதும், 1977, 1983 வன்செயல்களின் பின்னரும் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அக்குடும்பங்களின் பெண்களே பிறகு 2009 வரை மூட்டை கட்டி மூட்டை அவிழ்த்து, மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். உங்களில் சிலரின் அம்மாவோ அம்மம்மாவோ தலவாக்கலையில் பிரட்டுக்குப் போனவராக இருக்கலாம். ஆகவே இங்குள்ள முறையைச் சொல்லிவிட்டு, வன்னி மண்ணில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

கொத்தமல்லியின் உறவுக்காரர்

கரட், கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், ஓமம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். நாம் சம்பல் போடும் வல்லாரையும் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் இன்னொரு கிழங்கும் உண்டு. அதன் பெயர் பார்ஸ்னிப். பார்வைக்கு வெள்ளைக் கரட் போலிருக்கும். அவித்தால் இனிப்பும் ஒருவித வாசமும் வரும். உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேருமுன் அங்குள்ள ஏழை மக்களின் வயிற்றை நிரப்பியது அதுதான். எங்கள் சந்தைகளில் அதைக் காண்பது அரிது.

1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் ஆட்கள், மாடுகள், விதைகள் எல்லாவற்றோடும் நுவரெலியாவில் வந்திறங்கிப் பண்ணை வைத்தார். ஐரோப்பிய மரக்கறிகள் மலைநாட்டில் பரவிய கதையை அவரிலிருந்து தொடங்குவது வழக்கம். கறுத்த மண்ணைப் பார்த்து வளமானது என்று நம்பி இறங்கியவர், எருவில்லாமல் அது விளையாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். கதையில் அவர் பெயர் இருக்கிறது. கல் பொறுக்கிய கைகளின் பெயர்கள் இல்லை. அது வழமைதான்.

பார்ஸ்னிப்பை இங்கு சொல்வதற்குக் காரணம் உண்டு. கரட்டுக்குள்ள பிடிவாதங்கள் எல்லாம் அதற்கு இரண்டு மடங்கு. அதன் விதை ஒரு வருடத்துக்கு மேல் நம்பத்தக்கதல்ல. முளைக்க மூன்று, நான்கு வாரம் எடுக்கும். கிழங்காக நான்கு மாதத்துக்கு மேல் செல்லும். அதன் குணத்தைப் புரிந்துகொண்டவருக்குக் கரட் சுலபம். யாராவது விதை கொடுத்து அதைப் பயிரிட்டுப் பார்க்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை: பார்ஸ்னிப் இலையின் சாறு கையில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் தோல் பொங்கிக் கொப்புளம் போடும். நீளக் கை வைத்த சட்டை போட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் இலையை வெட்டுங்கள்.

பெயர்த்து நட முடியாத பயிர்

கோவாவையும் லீக்ஸையும் நாற்றுமேடையில் வளர்த்துப் பிடுங்கி நடுகிறோம். கரட்டை அப்படிச் செய்யக்கூடாது. விதை வெடித்ததும் முதலில் நேராகக் கீழிறங்கும் ஒற்றை வேர்தான் பின்னர் நாம் சாப்பிடும் கரட்டாகிறது. நாற்றைப் பிடுங்கும்போது அந்த வேரின் நுனி அறுந்தால், அல்லது மண்ணுக்குள் ஒரு கல்லில் அது முட்டினால், அந்த இடத்தில் இரண்டாக மூன்றாகப் பிரிந்துவிடும். "கை கால் முளைச்ச" கரட் இப்படித்தான் உண்டாகிறது. எனவே எங்கே விளைய வேண்டுமோ அங்கேயே விதைக்க வேண்டும். விதைக்குமுன் மண்ணைத் தயார்செய்வதில்தான் முக்கால் பங்கு வேலை.

ஓர் அடி ஆழம் கொத்த வேண்டும். லயத்துப் பின்புற மண்ணில் கல், போத்தல் ஓடு, பழைய தேயிலை வேர், தகரத்துண்டு எல்லாம் வரும். அவ்வளவையும் பொறுக்க வேண்டும். முள்ளால் கிளறினால் சுலபம். மண்வெட்டி மட்டும் இருந்தால் இரண்டு தடவை கொத்துங்கள். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக, சுற்றியுள்ள நிலத்தைவிட அரை அடி உயரமாக அமைத்து, மேற்பக்கம் ஒரு கான் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே மழையில் விதையோடு பாத்தியும் ஆற்றுக்குப் போய்விடும்.

தேயிலை மண்ணுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும். மண்ணின் புளிப்பை அளக்கும் பீஎச் கணக்கில் அதற்கு 4.5 முதல் 5.5 வரை தோதானது. கரட் கேட்பது 6 முதல் 6.8 வரை. தேயிலை பிடுங்கிய நிலத்தில் அப்படியே கரட் விதைத்தால் சுண்டுவிரல் பருமனுக்கு மேல் போகாததற்கு இது முக்கிய காரணம். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே டொலமைற் தூவிக் கொத்திக் கலந்துவிடுங்கள். வாங்க வசதியில்லாவிட்டால் அடுப்புச் சாம்பல் இருக்கிறது. கவ்வாத்து மிலாறு எரிக்கும் வீட்டில் சாம்பலுக்குக் குறைவில்லை. பிளாஸ்ரிக் எரித்த சாம்பலை மட்டும் சேர்க்கவேண்டாம்.

பச்சைச் சாணம் கூடவே கூடாது. மற்றப் பயிர்களுக்கு நல்லது செய்வதுபோல் நினைத்துப் பலர் இதைச் செய்துவிடுகிறார்கள். புதுச் சாணமும் கூடுதலான யூரியாவும் இலையைக் காடாக வளர்த்துக் கிழங்கைப் பிரிய வைக்கும். நன்றாக மக்கி, மண் வாசம் வரும் கூட்டுப்பசளையை மட்டும் போடுங்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அதை நம்பி மரக்கறி செய்தவர்கள் தவித்துப்போனார்கள். அந்த நவம்பரில் தடை நீங்கியபோதும் விலை எட்டாத உயரத்தில் நின்றது. கோழிக்கூட்டுக் கழிவையும் தேயிலைத் தூள் சக்கையையும் குழியில் சேர்த்து வைத்தவருக்கு அந்த நாட்களில் ஒரு கைப்பிடி தைரியம் இருந்திருக்கும்.

யாருடைய மண்?

இவ்வளவு பாடுபட்டு ஓரடி ஆழம் திருத்தும் மண் யாருடையது என்ற கேள்வி இங்கே வந்தே தீரும். லயத்துப் பின்புறத் துண்டு தோட்ட நிர்வாகத்தினது. வீட்டில் வேலைக்குப் பேர் உள்ளவர் நின்றுவிட்டால் காம்பராவுக்கே கேள்வி. நிர்வாகம் அந்தத் துண்டைத் திருப்பிக் கேட்டால் மறுக்க வழியில்லை. முப்பது நாளில் கீரையைப் பிடுங்கிவிடலாம். கரட்டுக்கு மூன்றரை மாதம் வேண்டும். "நாளைக்கு என்னாகுமோ" என்று வாழ்பவர்கள் நீண்ட நாள் பயிரை விரும்பாததற்குச் சோம்பல் காரணமல்ல.

தலவாக்கலைக்கு இந்த விடயத்தில் மறக்கமுடியாத ஒரு நாள் உண்டு. நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகளில் 7,000 ஏக்கரை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்து 1977 மே மாதம் தொழிலாளர்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டார்கள். சிவனு லெட்சுமணன் என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். கொழுந்து பறிக்கும் மக்களும் இந்த மண்ணில் தங்களுக்குப் பாத்தியதை உண்டு என்று நின்றதற்காகக் கொடுத்த விலை அது.

2015க்குப் பின்னர் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் தோட்டங்களுக்கு வந்தது. ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. ஏழுக்குச் சுமார் 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக, பாதை, கக்கூசு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போக, நாலைந்து பாத்திக்கு இடம் மிஞ்சும். இன்னும் லயத்திலேயே இருப்பவர்கள்தான் அதிகம். வீடு கிடைத்த பெண்களை ஒன்று கேட்கிறேன். உறுதிப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? பாத்தியைக் கொத்துவது நீங்கள் என்றால் பத்திரத்திலும் உங்கள் பெயர் இருப்பதுதானே நியாயம்.

வன்னியில் பெர்மிற் காணியில் இருக்கும் சகோதரிகள் இன்னொரு விடயத்தைத் தெரிந்திருக்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், வாரிசு பெயரிடப்படாத காணி போகும் வரிசையில் ஆண்பிள்ளைக்கே முன்னிடம் இருந்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. மகள்மார் உள்ள விதவைத் தாய்மார் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் இதை விசாரித்து, வாரிசுப் பெயரைப் பதிவுசெய்துகொள்வது நல்லது.

விதைப்பு

விதைப் பைக்கற்றை வாங்கும்போது படத்தைப் பார்க்காமல் திகதியைப் பாருங்கள். கரட் விதை இரண்டு மூன்று வருடம் தாங்கும் என்றாலும், கடைத் தகரத்தடியில் வெயிலில் கிடந்த பைக்கற்று அவ்வளவு தாங்காது. நியூ குரோடா இனம் எங்கும் கிடைக்கிறது. சீதாஎலிய விவசாய ஆராய்ச்சி நிலையத்தோடு தொடர்புடைய "லங்கா கரட்" கிடைத்தால் அதையும் முயலலாம். ஒரு கிராமில் சுமார் 800 விதை இருக்கும். ஆகவே ஒரு பைக்கற்றை மூன்று நான்கு வீட்டுக்காரர் பங்கிட்டு வாங்கினால் போதும். மீந்துபோய் அடுத்த வருடம் முளைக்காமல் ஏமாற வேண்டியதில்லை.

தலவாக்கலைப் பக்கம் மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஓயாது. எனவே தை, மாசியில் விதைத்து அந்த மழைக்கு முன்னர் பிடுங்கிவிடுவது பாதுகாப்பு. பாத்தியில் ஒரு சாண் இடைவெளியில் விரலால் கோடு கிழியுங்கள். கோடு அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். விதையை நாலு மடங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மெல்லிய மண்ணால் மூடி, நனைத்த சாக்கையோ காய்ந்த புல்லையோ மேலே விரித்துவிடுங்கள்.

இனி வருவதுதான் பொறுமையின் காலம். ஏழு முதல் பதினான்கு நாள் வரை மேல்மண் காயவே கூடாது. ஒரு நாள் காய்ந்தாலும் வெடிக்கத் தொடங்கிய விதை செத்துவிடும். "பாதி முளைக்காது" என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. காலையில் பிரட்டுக்குப் போய் மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்ணால் நடுப்பகலில் தண்ணீர் ஊற்ற முடியாது. சாக்கு விரிப்பு அந்த இடைவெளியை நிரப்புகிறது. ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். பச்சை தெரிந்த அன்றே மாலையில் சாக்கை எடுத்துவிட வேண்டும். கோடு எது என்று மறந்துபோகாமலிருக்க, கரட்டோடு ஐந்தாறு ராபு விதையும் சேர்த்து விடலாம். அது நாலு நாளில் முளைத்து வரிசையைக் காட்டிக் கொடுக்கும். கரட் பெருக்குமுன் பிடுங்கிக் கறியும் வைத்துவிடலாம்.

மூன்று நான்கு வாரத்தில் ஐதாக்க வேண்டும். அதாவது இரண்டு அங்குலத்துக்கு ஒரு செடி நிற்க, மற்றவற்றைப் பிடுங்கிவிடுவது. இதற்குத்தான் பெண்களுக்கு மனம் வருவதில்லை. முளைத்த உயிரைப் பிடுங்குவது பாவம் என்பார்கள். ஆனால் ஐதாக்காத பாத்தியில் எல்லாமே ஈர்க்குக் குச்சியாக நிற்கும். பிடுங்கியது வீண் அல்ல. இளம் இலையைப் பருப்போடு சேர்த்துச் சுண்டலாம். ஐதாக்கியதும் தண்ணீர் ஊற்றி மண்ணை அணைத்துவிடுங்கள். கிழங்கின் தலை வெளியே தெரிந்தால் பச்சை நிறமாகிக் கசக்கும். நாட்கணக்கில் காயவிட்டுப் பிறகு வெள்ளமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். வெட்டுப்புழு இருந்தால் விடியற்காலையில், சாய்ந்த செடியின் அடியைக் கிளறி எடுத்து நசுக்கலாம். முள்ளம்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் தகர வேலியைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியாது.

விதைத்து மூன்று மாதம் கழித்து ஒன்றிரண்டைப் பிடுங்கிப் பாருங்கள். மூன்றரை மாதத்தில் எல்லாம் எடுக்கலாம். ஒரே நாளில் பிடுங்கத் தேவையில்லை. வேண்டிய அளவு எடுத்து, மற்றதை ஓரிரு வாரம் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு மண்தான் பெட்டி.

விற்பதா, சாப்பிடுவதா?

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத சிறுபிள்ளைகள் நாடு முழுவதும் 100க்கு 17. பெருந்தோட்டங்களில் அது 32. 2022 நெருக்கடியிலும் உணவுக்கு மிகக் கூடுதலாகக் கஷ்டப்பட்டது தோட்டப் பகுதிகள்தான். இந்த நிலைமையில், விளைந்ததில் நல்லதை எல்லாம் கடைக்கு அனுப்பிவிட்டு உடைந்ததைக் குழம்பில் போடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காசின் தேவை எனக்குத் தெரியாததல்ல. எனினும் முதல் பாத்தி பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவைத்து, இரண்டாவது பாத்தியை விற்கலாம்.

கரட் சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்று சொல்வார்கள். அது சரியல்ல. கரட்டில் உள்ள சத்து உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறிக் கண்ணுக்கும் தோலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் உதவும். தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்த்துச் சமைத்தால்தான் அது நன்றாக உடம்பில் சேரும். இரத்தச் சோகைக்குக் கீரை, பருப்பு, நெத்தலி, முட்டை ஆகியவற்றோடு தேசிக்காய் வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதையும் நிறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. வீட்டுத்தோட்டம் பற்றிய கூட்டங்களில் பெண்களைப் பார்த்தே பேசுகிறார்கள். ஏற்கனவே மலையிலும் அடுப்படியிலும் இரட்டைச் சுமை சுமப்பவருக்கு மூன்றாவது சுமையை ஏற்றி, அதற்கு "வலுவூட்டல்" என்று பெயர் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஓரடி ஆழம் கொத்துவதையும் பீலியிலிருந்து தண்ணீர் தூக்குவதையும் வீட்டிலுள்ள ஆண்கள் செய்யட்டும். ஆண் துணை இல்லாத குடும்பங்களில் நாலைந்து பெண்கள் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வீடாகக் கொத்திக்கொள்ளலாம்.

வடக்கில் விதைப்பவர்களுக்கு

ஆழமாகக் கொத்தச் சொன்னேன். அதற்கு முன் ஒரு வார்த்தை. முகமாலை போன்ற இடங்களில் 2009க்குப் பின்னர் பல்லாண்டுகளாக மிதிவெடி அகற்றினார்கள். உங்கள் காணி துப்புரவு செய்து கையளிக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மண்வெட்டி போடவேண்டாம். கிராம அலுவலரிடம் கேளுங்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாமல், வந்த காலடி வழியே திரும்பிப் போய் அறிவியுங்கள்.

பார்ஸ்னிப்பை அங்கு முயலவேண்டாம். வெயில் அதற்குப் பிடிக்காது. கரட்டை யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் குளிர்காலத்தில் செய்கிறார்கள். வன்னியிலும் பெருமழை தணியும் மார்கழி நடுப்பகுதியிலிருந்து தை வரை விதைக்கலாம். பங்குனி வெயிலுக்கு அகப்படும் கரட் தடித்து நார் விழும். எனவே அதற்கு மேல் தாமதிக்கவேண்டாம். யாழ்ப்பாணச் செம்மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடப்பதால் அங்கே டொலமைற் செலவு மிச்சம். சந்தேகமாக இருந்தால் பீட்ரூட்டில் தொடங்குங்கள்; அது வெப்பத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

காணியே இல்லாதவர்கள், காணிப் பிரச்சினை தீராதவர்கள், இன்னொருவர் வளவில் குந்தியிருப்பவர்கள் அரிசிச் சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நாலைந்து துளை போட்டு, சலித்த மண், மணல், மக்கிய பசளை மூன்றையும் சமமாகக் கலந்து ஒன்றரை அடி உயரத்துக்கு நிரப்பி, வாயை மடித்துவிடுங்கள். ஒரு சாக்கில் பத்துப் பன்னிரண்டு கரட் வரும். அடுக்களைத் தண்ணீரில் சவர்க்காரம் சேராததை அதற்கே ஊற்றலாம். சாக்கு மண்ணில் கல் இராது என்பதால் கிழங்கு நேராக வரும். இடம் மாற வேண்டி வந்தால் இரண்டு பேர் பிடித்து, செடியை அசைக்காமல் சாக்கோடு தூக்கிக்கொண்டு போகலாம்.